டிரையர் வென்ட்: பக்கச் சுவரா, கூரையா, குழாயே வேண்டாத மெஷினா?

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று டொராண்டோவைச் சுற்றி வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுகிறார்கள். மார்ட்கேஜ் கட்ட அது பெரிய கைகொடுப்பு. ஆனால் வாஷரும் டிரையரும் பல வீடுகளில் அந்த பேஸ்மென்ட்டில்தான் இருக்கின்றன. குடித்தனக்காரர் வரப்போகிறார் என்றதும் லாண்ட்ரியை மேலே ஏற்றுவதா, கீழேயே விட்டு இரு வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்வதா, இரண்டு செட் வைப்பதா என்ற பேச்சு ஆரம்பிக்கும். மேலே ஏற்றலாம் என்று முடிவானால் தண்ணீர்க் குழாய், டிரெயின், 240 வோல்ட் லைன், டைல்ஸ் நிறம் எல்லாம் அலசப்படும். டிரையரின் முதுகில் இருக்கும் நாலு இஞ்ச் ஓட்டையிலிருந்து காற்று எங்கே போகும் என்று யாராவது கேட்பது மெஷின் வந்து இறங்கும் நாளில்தான்.

நான் சொல்வது, அதை முதலில் கேளுங்கள். குழாய்க்கு நல்ல வழி எங்கே இருக்கிறதோ அங்கே மெஷினை வையுங்கள். மெஷினுக்கு இடம் பிடித்துவிட்டுக் குழாய்க்கு வழி தேடினால்தான் ஏழெட்டு வளைவும் நசுங்கிய குழாயும் வந்து சேர்கின்றன.

இதற்கு ஏன் இவ்வளவு கவனம்? ஈரத்துணி ஒரு லோடிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. கூடவே துணியிலிருந்து உதிரும் பஞ்சும் போகிறது. உள்ளே இருக்கும் வடிகட்டி எல்லாப் பஞ்சையும் பிடிப்பதில்லை. குழாய் நீளமாகி வளைவுகள் கூடினால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பஞ்சு சுவரில் படியும். படிந்தால் வேகம் இன்னும் குறையும். வெப்பம் வெளியே போக முடியாமல் மெஷினுக்குள்ளேயே தேங்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்து, குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று மதிப்பிட்டது. அவற்றில் முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது: 34 சதவீதம். தீ பற்றாவிட்டாலும், நாற்பது நிமிட லோடு எண்பது நிமிடம் ஓடினால் மின்கட்டணம் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு டேப்பும் பென்சிலும்

எந்த வழியானாலும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஐ.ஆர்.சி. என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, டிரையர் குழாய்க்கு 35 அடி என்று எல்லை போடுகிறது. எல்போ எனப்படும் வளைவுத் துண்டு, சாதாரண 90 பாகை என்றால், ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும். 45 பாகை எல்போ என்றால் இரண்டரை அடி. ஒன்டாரியோவின் கட்டடச் சட்டம் வேறு என்றாலும், இங்கேயும் கைக்கணக்குக்கு இது நன்றாக உதவும். மெஷினோடு வரும் கையேட்டிலும் ஓர் அட்டவணை இருக்கும். அது இதைவிடத் தாராளமாக இருக்கலாம், இறுக்கமாகவும் இருக்கலாம். மெஷின் வாங்கும் முன்பே கையேட்டை இணையத்தில் இறக்கி அந்தப் பக்கத்தைப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் "எல்லாம் சரிவரும்" என்பதைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் நடுவில் லாண்ட்ரி. அங்கிருந்து வெளிச்சுவர் வரை குழாய் 22 அடி. வழியில் மூன்று 90 பாகை வளைவு. 22-உடன் வளைவுக்கு ஐந்தாக 15 சேர்த்தால் 37. எல்லை தாண்டிவிட்டது. அதே வழியில் சாதாரண எல்போவுக்குப் பதிலாக, 6 இஞ்ச் ஆரத்தில் மெதுவாக வளையும் வழுவழுப்பான எல்போ போட்டால், ஒவ்வொன்றுக்கும் 1 அடி 9 இஞ்ச்தான் சேரும். மூன்றுக்கும் சேர்த்து 5 அடி 3 இஞ்ச். மொத்தம் 27 அடி சொச்சம். தாராளமாக உள்ளே வந்துவிடும். அந்த எல்போ பெரிய கடைகளின் அலமாரியில் எப்போதும் இருக்காது. ஆர்டர் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் சுவரை உடைத்து லாண்ட்ரியை மூன்றடி நகர்த்துவதைவிட அது மலிவு.

நேரே பக்கச் சுவர்

டிரையரின் முதுகு வெளிச்சுவரைப் பார்த்து நின்றால் பாதி வேலை முடிந்தது. இரண்டடிக் குழாய், ஒரு ஓட்டை, வெளியே ஒரு மூடி. சுத்தம் செய்யக் கையை விட்டாலே போதும். மற்ற எல்லா வழிகளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், எல்லாமே இதற்கு அடுத்தபடிதான். மாடியில் லாண்ட்ரி வைக்க இரண்டு இடம் தோதுப்படுகிறது, ஒன்று படுக்கையறை அருகே நடுவில், மற்றது கொஞ்சம் தள்ளி வெளிச்சுவரோரம் என்றால், கூடையைப் பத்தடி தூக்கிக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஓட்டை போடும் இடத்தை மட்டும் உள்ளிருந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெளியே போய் நின்று பாருங்கள். ஜன்னல், கதவு போன்ற திறப்புகளிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடியாவது உயரம் வேண்டும் என்று கையேடுகள் சொல்லும்; ஜனவரியில் பனி எவ்வளவு குவிகிறது என்பதை வைத்து நீங்கள் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். பனி மூடிய வென்ட்டோடு டிரையரை ஓட்டுவது, அதுவும் கேஸ் டிரையரை ஓட்டுவது, விளையாட்டு வேலை இல்லை. ஃபர்னஸுக்குக் காற்று இழுக்கும் வெள்ளைக் குழாய் பக்கத்தில் இருந்தால் அது பஞ்சையும் சேர்த்து இழுக்கும். ஏசி மெஷின் பக்கத்தில் இருந்தால் அதன் தகடுகளில் பஞ்சு கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும். டெக்கின் அடியில் விடுவதும் வேண்டாம்.

மூடியிலும் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. மூன்று நான்கு சிறு பட்டைகள் உள்ள வகை பார்க்க அழகு. ஆனால் ஒரு பட்டையில் பஞ்சு ஒட்டினாலும் அது பாதி திறந்தபடியே நின்றுவிடும், குளிர்காற்று உள்ளே வரும். ஒற்றை ஃப்ளாப் அகலமாகத் திறக்கும் வகையே நல்லது. குருவி கூடு கட்டுகிறது என்று கம்பி வலை அடிக்கிறவர்கள் உண்டு. விதி அதைத் தடுக்கிறது, காரணத்தோடுதான்: சில மாதத்தில் அந்த வலை முழுவதும் பஞ்சு மெத்தையாகிவிடும்.

சைடிங் சுவர் என்றால் நாலேகால் இஞ்ச் ஹோல் சா போதும். செங்கல் என்றால் கோர் டிரில் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவது நல்லது. டவுன்ஹவுஸ்காரர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் முன்புறமோ பின்புறமோதான் கிடைக்கும். காண்டோ டவுன்ஹவுஸ் என்றால் வெளிச்சுவர் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான பகுதி, ஓட்டை போடும் முன் நிர்வாக போர்டிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

ஜோயிஸ்ட் நடுவே ஓடும் வழி

லாண்ட்ரி நடுவில்தான் என்று ஆகிவிட்டால், தளத்தைத் தாங்கும் ஜோயிஸ்ட் பலகைகளுக்கு இடையே குழாயை ஓட்டி, ஓரத்து ஹெடர் பலகை வழியாக வெளியே எடுப்பது அடுத்த வழி. இங்கே வீட்டின் எலும்புக்கூடுதான் முடிவெடுக்கும். ஜோயிஸ்ட் ஓடும் திசையிலேயே குழாயும் ஓடினால் சுகம். குறுக்கே போக வேண்டும் என்றால் சிக்கல். முழு மரப் பலகையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டை போடக் கூடாது என்பது அமெரிக்க விதி. கனடாவின் விதி இன்னும் கண்டிப்பானது. 2x10 பலகையின் உண்மையான உயரம் ஒன்பதேகால் இஞ்ச். அதில் நாலு இஞ்ச் குழாய் எந்தக் கணக்கிலும் போகாது. ஐ-ஜோயிஸ்ட் (ஆங்கில I வடிவில் தொழிற்சாலையில் செய்த பலகை) வைத்த புதிய வீடுகளில், தயாரிப்பாளரின் அட்டவணை அனுமதிக்கும் இடத்தில் பெரிய ஓட்டை போடலாம். இல்லாவிட்டால் சீலிங்குக்குக் கீழே குழாயை ஓட்டி, பல்க்ஹெட் என்ற பெட்டி கட்டி மறைக்க வேண்டும். பேஸ்மென்ட்டின் உயரம் ஏற்கனவே குறைவு என்றால் இந்த இடத்தில்தான் திட்டம் கைவிடப்படும்.

சுவருக்குள் மேலேற்றும்போதும் இதே கதை. 2x4 சட்டத்தின் ஆழம் மூன்றரை இஞ்ச்தான். நாலு இஞ்ச் உருளைக் குழாயை அதில் திணிக்க, அமுக்கித் தட்டையாக்கிவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவால் மூடியபின் யாருக்குத் தெரியும் என்ற தைரியம். அந்தச் சுவரை மட்டும் 2x6 ஆக்குவதே முறை. அதற்கு இடமில்லை என்றால், மெஷின் கையேடு ஒப்புக்கொண்டால், இதற்கென்றே வரும் நீள்வட்டக் குழாயைப் போடலாம்.

பேஸ்மென்ட் தனிக் குடியிருப்பாகப் பதிவாகப் போகிறது என்றால் இன்னொன்றையும் மறக்காதீர்கள். இரண்டு குடியிருப்புகளுக்கும் இடையிலான சீலிங், தீ பரவாமல் தடுக்கும் தடுப்பாக இருக்க வேண்டும். அதைத் துளைத்துக்கொண்டு குழாய் போனால் அந்தத் துளையை எப்படி அடைப்பது என்று பெர்மிட் வரைபடத்திலேயே காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தபின் காட்டினால் உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

கூரை

"அண்ணை, மேலால விட்டா ஒரு பின்னேர வேலை" என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். மாடி லாண்ட்ரியிலிருந்து அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) வழியாகக் கூரை வரை நீளம் குறைவு, வளைவும் ஒன்றிரண்டுதான். டேப் கணக்கில் கூரை வழி நன்றாகத் தேறிவிடும். எனக்கு அது பிடிக்காததற்குக் காரணம் நம்முடைய குளிர்.

மைனஸ் பதினைந்தில் இருக்கும் அட்டிக்குக்குள் சூடான, ஈரம் நிறைந்த காற்று போகிறது. குழாயைச் சுற்றி இன்சுலேஷன் இல்லாவிட்டால் நீராவி உள்ளேயே தண்ணீராகிக் கீழே வழியும். ஈரமான உலோகத்தில் ஒட்டும் பஞ்சு காய்ந்து பசையாக இறுகிவிடும். கூரை மேல் பனி ஓரடி கிடக்கும்போது ஃப்ளாப் திறக்கிறதா என்று யார் ஏறிப் பார்ப்பது? பக்கச் சுவரில் இருந்தால் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகும்போதே பார்த்துவிடலாம். அதோடு, பாத்ரூம் ஃபேனுக்கான சாதாரணக் கூரை மூடியில் வலை இருக்கும். அதையே டிரையருக்கும் மாட்டிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. பாத்ரூம் ஃபேன் குழாயோடு டிரையர் குழாயைச் சேர்த்துவிடுவதும் உண்டு. டிரையருக்குத் தனிக் குழாய்தான் இருக்க வேண்டும்.

கூரையைத் தவிர வேறு வழியே இல்லை, இன்சுலேஷன் சுற்றிய நேர்க்குழாய், டிரையருக்கென்றே செய்த அகலமான மூடி, ஆண்டுக்கொருமுறை ஆள் வைத்துச் சுத்தம் என்று மூன்றுக்கும் தயார் என்றால் சரி. கூரை ஓரத்துச் சாஃபிட் வழியாக விடலாமே என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சாஃபிட் என்பது அட்டிக் மூச்சிழுக்கும் இடம். வெளியே விட்ட ஈரமெல்லாம் அடுத்த துளை வழியாக உள்ளே போய்விடும். அட்டிக்கின் நடுவிலோ கேரேஜிலோ குழாயை அப்படியே விட்டுவிடுவது விதிமீறல், அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நீளம் அதிகமானால் பூஸ்டர் ஃபேன் போடலாமே? டிரையருக்கென்றே, யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் 705 தரச்சான்று பெற்ற ஃபேன் இருக்கிறது, அது மட்டும்தான் அனுமதி. ஆனால் பஞ்சு சேர இன்னொரு இடம், பழுதாக இன்னொரு மோட்டார். வேறு கதியில்லாதவர்களுக்கு அது.

குழாயே வேண்டாம் என்றால்

கணக்கு எப்படிப் போட்டாலும் 35-க்குள் வரவில்லை, காண்டோ போர்டு ஓட்டைக்கு ஒப்பவில்லை, வாடகை வீடு, இப்படிப்பட்டவர்களுக்கு ஹீட் பம்ப் டிரையர். ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே குளிர்வித்துத் தண்ணீரைப் பிரித்து, அதே காற்றை மீண்டும் சூடாக்கிச் சுழற்றும். தண்ணீர் டிரெயினுக்கோ ஒரு தொட்டிக்கோ போகும். சாதாரண மின் டிரையரைவிடக் குறைந்தது 28 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மின்சிக்கனச் சான்று தரும் எனர்ஜி ஸ்டார் திட்டம். சில மாடல்கள் சாதாரண 120 வோல்ட் பிளக்கிலேயே ஓடும், புதிதாக 240 வோல்ட் லைன் இழுக்கும் செலவும் இல்லை. சுவரில் ஓட்டை இல்லாததால் ஜனவரிக் காற்றும் உள்ளே வராது.

குறைகள்: விலை அதிகம். நேரம் அதிகம், ஐந்து பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலு லோடு வரிசையாகப் போடுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். துணி சுடச்சுட வெளியே வராது, அதனால் ஈரம் இருக்கிறதோ என்று சந்தேகமாகவே இருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். வடிகட்டியைத் தவறாமல் கழுவாவிட்டால் ஈரப் பஞ்சு உள்ளே காயிலில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். "வென்ட்லெஸ்" என்று விற்பவை எல்லாம் ஹீட் பம்ப் இல்லை. பழைய கண்டென்சர் வகையில் சூடாக்க ஹீட்டர் கம்பிதான் இருக்கும். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பற்றி எரிந்தது டிரையர் ஒன்றால். ஹீட்டரில் பஞ்சு படக்கூடும் என்று அங்கே எச்சரிக்கப்பட்டிருந்த டிரையர்களில் வென்ட் உள்ளவை, கண்டென்சர் வகை இரண்டுமே இருந்தன. குழாய் இல்லை என்பதால் பஞ்சு இல்லை என்று ஆகாது.

இன்னொரு மலிவுச் சாமான் உண்டு: தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் குழாயைச் செருகி, காற்றை வீட்டுக்குள்ளேயே விடுவது. குளிர்காலத்தில் வீடு சூடாகும், ஈரப்பதமும் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு லோடுக்கு இரண்டு மூன்று லிட்டர் நீராவியைப் பேஸ்மென்ட்டில் விட்டால் மார்ச் மாதத்துக்குள் ஜன்னலோரம் கறுப்புப் பூஞ்சணம். கேஸ் டிரையருக்கு இது உயிராபத்து, அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். கேஸ் டிரையர் என்றால் குழாய் வெளியே போயே ஆக வேண்டும். ஒன்டாரியோவில் கேஸ் லைனைத் தொடுவதும் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிவுள்ளவர் வேலை, மச்சான் கைராசிக்காரர் என்றாலும்.

எந்தக் குழாய், எப்படிச் சேர்ப்பது

சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் போவது நாலு இஞ்ச் வழுவழுப்பான உலோகக் குழாய் மட்டுமே. பழைய ஸ்கார்பரோ பங்களாக்களில் கம்பிச் சுருள் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இன்னும் இருக்கிறது. வீடு வாங்கிய வாரமே கழற்றிப் போடுங்கள். வெள்ளித்தாள் போன்ற மெல்லிய ஃபாயில் குழாய், மெஷினைச் சுவரோடு தள்ளியதும் நசுங்கிவிடும். மெஷினையும் சுவரையும் இணைக்கும் அந்தக் கடைசித் துண்டுக்கு ஓரளவு விறைப்பான அலுமினியக் குழாய் வாங்குங்கள். அதற்கு யு.எல். 2158ஏ முத்திரை இருக்க வேண்டும். எட்டடிக்கு மேல் போகக் கூடாது, ஒரே துண்டாக இருக்க வேண்டும், சுவருக்குள் நுழையக் கூடாது. இடம் மிகக் குறைவு என்றால் பெரிஸ்கோப் என்ற தட்டைப் பெட்டி கிடைக்கிறது.

குழாய்த் துண்டுகளைச் செருகும் திசைதான் பலர் கோட்டை விடும் இடம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை மடிப்பு மடிப்பாகச் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருங்கிய முனை காற்று போகும் பக்கம், அதாவது வெளிப்பக்கம் பார்த்து அடுத்த துண்டுக்குள் நுழைய வேண்டும். மாற்றிச் செருகினால் ஒவ்வொரு இணைப்பின் விளிம்பும் பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இணைப்பில் நீள ஸ்க்ரூ அடிக்க வேண்டாம். உள்ளே எட்டில் ஒரு இஞ்சுக்கு மேல் நீட்டக் கூடாது. ஃபாயில் டேப் சுற்றுங்கள். சாம்பல் நிறத் துணி டேப்பின் பசை சூட்டில் காய்ந்து, கொஞ்ச காலத்தில் உரிந்து தொங்கும்.

மாட்டி முடித்ததும் ஒருவர் டிரையரை வெறுமனே ஓட்ட, இன்னொருவர் வெளியே போய் ஃப்ளாப்பைப் பாருங்கள். முழுசாகத் தூக்கி நிற்க வேண்டும், கையில் காற்று வேகமாகப் படவேண்டும். துணி காயும் நேரம் கூடிக்கொண்டே போனாலோ, மெஷினின் மேல்தகடு வழக்கத்தைவிடச் சுட்டாலோ, லாண்ட்ரி அறையில் ஈரவாடை வந்தாலோ குழாயைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நம் வீடுகளுக்கென்று ஒன்று இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டிய துண்டும், அடுப்பங்கரையில் எண்ணெய் துடைத்த துணியும். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. தாவர எண்ணெய் ஊறிய துணி சூடாகி, மடித்துக் குவித்து வைத்தபின்னும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று டிரையர் கையேடுகள் எச்சரிக்கின்றன. அவற்றைக் கொடியிலோ ஸ்டாண்டிலோ போடுங்கள். பேஸ்மென்ட்டில் இருப்பவர்களோடு மெஷினைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு லோடுக்கும் முன் வடிகட்டியைச் சுத்தம் செய்வதையும் இந்தத் துண்டு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். வருடாந்தரக் குழாய்ச் சுத்தம் யார் செலவு என்பதையும் சாவி கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.